இருபத்தெட்டாவது வீடு

ஒரு லட்சத்து எட்டைப் பற்றி நிமலனிடம் வாய் கொடுத்தால் போச்சு, ஆள் லேசில் விடமாட்டான். ஒன்று, அதற்குப் பின்னால் நாலு சைபர், கடைசியில் ஒரு எட்டு. பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். ஆனால் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், ஒன்பது வரும். ஆகவே ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும். ஒன்பதால் மட்டுமா, இருபத்தேழாலும் வகுபடும். எட்டாலும் வகுபடும். ஆறை ஆறால் பெருக்கி, மறுபடி ஆறால் பெருக்கினால் இருநூற்றுப் பதினாறு வருமே, அதாலும் வகுபடும். அப்படி எல்லாவற்றையும் வகுத்துத் தள்ளிய பிறகு நானூற்று அறுபத்துமூன்று என்று ஒன்று வந்து நிற்கும். அது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு யாருக்கும் பங்கு கொடுக்காத கஞ்சப்பயல். இதைச் சொல்லும்போது நிமலன் கரும்பலகையைக் கையால் தட்டுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஆணிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் அவன் கணித ஆசிரியன். அதே தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துக்கு வாத்தியாராக வந்தவன் என்பதால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவன் மாஸ்டர்தான். போன கார்த்திகையில் பேய்மழை பெய்து, மலை உடைந்து, தொழிலாளர் வரிசை வீடான கீழ் லயத்தின் மேல் இறங்கியது. ஒரு லயம் முழுக்க, அடுப்பு, கட்டில், ஆடு, ஆள் என்று ஒன்று விடாமல் மண்ணுக்குள் போய்விட்டது. பெக்கோ இயந்திரம் வந்து நாள் கணக்கில் தோண்டியது. ஒருவர் பின் ஒருவராக எல்லாருடைய உடலும் கிடைத்தது, யோகராஜைத் தவிர.

யோகராஜ் கீழ் லயத்துக்காரனே இல்லை. அவன் வீடு நடு லயத்தில் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. மலை முனகுகிற சத்தம் கேட்டு, கீழே படுத்திருந்தவர்களை எழுப்பப் போனான் பாவி. போனவன் போனவன்தான். நிமலனின் ஒரே அக்கா ஜெயலெட்சுமிக்கு அவன் புருஷன். அவர்களுக்கு நிஷாந்தினி என்று ஒரே மகள், ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

பெக்கோ திரும்பிப் போன பிறகு யோகராஜைப் பற்றிப் பேசுவதை எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். ஜெயலெட்சுமியின் முன்னால் செத்துட்டான் என்றும் சொல்லமாட்டார்கள், இருக்கான் என்றும் சொல்லமாட்டார்கள். அவள் தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்தாள். மலையில் கொழுந்தெடுத்து முடித்ததும் நேரே கீழ் லயத்து மண்மேட்டுக்குப் போய், இருட்டும் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

மிஞ்சிய குடும்பங்கள் பாடசாலை மண்டபத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. இப்போது பெரியவர்களும் அதற்குள்தான் கால் மடக்கிப் படுத்தார்கள். மலைக்கு மேலே இன்னொரு வெடிப்பு இருக்கிறது என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொன்னார்கள். வேறு இடம் தருகிறோம் என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்புறம் மாரியாத்தாளை விட்டால் யார் இருக்கிறார்கள்? மலை இறங்கிய மறுநாளே கோயில் தலைவர் இராசையா உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு சத்தியம் செய்திருந்தார். "ஆத்தா, மிச்ச மலைய எறங்க விடாத. ஒரு லட்சத்தி எட்டுப் போத்தி சொல்லி, கொழுந்தால ஒனக்கு அர்ச்சன செய்றோம்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். ஒவ்வொரு போற்றிக்கும் ஆத்தாள் காலடியில் ஒரு கொழுந்து. கை வெந்து கொப்பளித்தது. நேர்ந்தது நேர்ந்ததுதான், இனி அதில் ஒன்று கூட்டவும் முடியாது, ஒன்று குறைக்கவும் முடியாது.

தை பிறந்ததும் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஆணிமலையில் எந்தக் கோயில் காரியமானாலும் வீட்டுக்குச் சமபங்கு. கிடா வெட்டினாலும் பங்கு, தேர் இழுத்தாலும் பங்கு. சாவு விழுந்த வீடு மட்டும் வருஷம் திரும்பும் வரைக்கும் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கிய வீடுகளைக் கழித்து இராசையா விரல் விட்டு எண்ணினார்.

"இருவத்தெட்டு வீடு. மாஸ்டர், வீட்டுக்கு எத்தன போத்தி வருதுன்னு பாரு."

நிமலனுக்குப் பேனா தேவைப்படவில்லை. "மூவாயிரத்து ஐந்நூத்தி எழுவத்தொண்ணு. இருவது மிஞ்சும் தலைவரே."

"மிஞ்சுமா?"

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் இதே மாதிரி ஒரு அர்ச்சனை செய்தபோதும் பங்கு சரியாகப் போகாமல் கொஞ்சம் மிஞ்சியது. "அதை நாங்க பாத்துக்குறோம், விடுங்கப்பா" என்று கீழ் லயத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது கீழ் லயமே இல்லாமல் போன பிறகு, மிச்சத்தை வாங்கினதால்தான் மலை அவர்கள் தலையில் விழுந்தது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. சின்னப் பிள்ளைகூட அதை நம்பியது.

இதையெல்லாம் நிமலனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் எண் என்று வந்துவிட்டால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். "இருவத்தெட்டுக்குள்ள ஏழு இருக்கு தலைவரே, இந்த எண்ணு ஏழுக்கு மசியாது. ஒரே ஒரு வீடு கொறஞ்சு இருவத்தேழா இருந்தா தங்கமாப் போகும். வீட்டுக்கு மூவாயிரத்து எழுநூத்தி நாலு. ஒண்ணுகூட மிஞ்சாது" என்றான். அதைச் சந்தோஷமாகச் சொன்னான், அதுதான் கொடுமை.

இராசையா தாடையைத் தடவினார். "இருவத்தேழு..." என்று இழுத்தார். பிறகு நிமலனைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாவு வீட்டையெல்லாம் கழிச்சுத்தான் எண்ணுனேன். ஒரு வீடு மட்டும் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நிக்குது."

அது யார் வீடு என்று யாரும் கேட்கவில்லை. ஜெயலெட்சுமி அந்த நேரம் மண்மேட்டில் இருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை, "ஆத்தாளே எண்ணுக்குள்ள பூந்து சொல்லிட்டா, இனி என்ன" என்றாள். நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நிமலனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அப்படி இல்ல தலைவரே! எண்ணுக்கு என்ன தெரியும்? எங்க மச்சான் இருக்காரா இல்லையான்னு அதுக்குத் தெரியுமா? ஒரு லட்சத்தி எட்டுன்னு நீங்க வாயால சொன்னீங்க, அவ்வளவுதான். ஆயிரத்தி எட்டுன்னு சொல்லியிருந்தா இருவத்தெட்டு வீட்டுக்கும் சரியாப் போயிருக்கும், வீட்டுக்கு முப்பத்தாறு."

"சொல்லலியே. லட்சத்தி எட்டுன்னுதானே என் வாயில வந்துச்சு. வர வச்சது யாரு?"

"மிஞ்சுற இருவதையும் பூசாரி சொல்லட்டும்" என்றான் நிமலன்.

பூசாரி எழுந்தே விட்டார். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு மாஸ்டர்" என்றார்.

"அப்ப நான் எடுத்துக்குறேன்."

"எடுத்துக்க, எடுத்துக்கிட்டு எங்க இருப்ப? எங்ககூட இதே மண்டபத்துலதானே படுப்ப? ஒன் தலையில வுழுகுறது எங்க தலையிலயும் வுழுகும்" என்றார் இராசையா.

"என் வீட்ட வெலக்கிருங்க. நான் இல்லாம இருவத்தேழு வரும்ல."

"ஒன் வீட்டுல சாவு வுழுந்துச்சா? காரணமில்லாம ஒரு வீடு வெலகுனா சாமி குத்தம். படிச்சவன் இப்படிப் பேசலாமா?" இராசையா கெட்டவர் இல்லை. மலை இறங்கிய அன்று தன் கையாலேயே ஆறு குழந்தைகளை மண்ணிலிருந்து இழுத்துப் போட்டவர் அவர்; அதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. "தம்பி, மாசி மழை வரப்போகுது. எனக்குத் தூக்கம் இல்ல. வர்ற வெள்ளிக்கெழம கொழுந்து வச்சுத் தொடங்கணும். நீயே ஒன் அக்காகிட்டப் பக்குவமாப் பேசு."

பக்குவமாகப் பேசுவதாம்! உன் புருஷன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொள், அப்போதுதான் வகுத்தல் சரியாக வரும் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் பாடசாலை விட்டதும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனான். ஜெயலெட்சுமி அன்று வேலைக்குப் போகவில்லை, துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் யோகராஜின் சட்டையும் சாரமும் தொங்கின. உடுத்தாத துணியை வாரா வாரம் துவைத்துக் காயப்போடுகிறாள். தம்பியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நிமலன் செத்தே போனான்.

"வா தம்பி. அர்ச்சனைக்குப் பங்கு போட்டீங்களாமே, எனக்கு எத்தன? எத்தனையா இருந்தாலும் நானே சொல்லுவேன், யாரும் தொணைக்கு வரத் தேவையில்ல. ஒவ்வொரு போத்திக்கும் அவரு பேர மனசுல சொல்லிக்கிட்டு ஒரு கொழுந்து வப்பேன். அத்தன தடவ கூப்புட்டா ஒரு தடவயாவது காதுல வுழுகாதா?"

"இன்னும் கணக்கு முடியலக்கா."

"ஒனக்கா முடியல? போடா" என்று சிரித்தாள். மலை இறங்கிய பிறகு அவள் சிரித்து அவன் அன்றுதான் பார்த்தான். நிஷாந்தினி உள்ளேயிருந்து ஓடிவந்து, "மாமா, அம்மா பங்குல எனக்கும் பாதி தருவாங்களாம்" என்றாள்.

அவன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

வருகிற வழியில் பாடசாலை மண்டப மூலையில் பெரியண்ணன் கிழவர் பாயில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நெஞ்சு முழுக்கச் சளி, பதுளை ஆஸ்பத்திரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிமலன் தூணில் சாய்ந்து அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றான். இருமல் நின்றபோது அவனுக்கு மூச்சு நின்றது. மறுபடி இருமல் தொடங்கியதும் ஏமாற்றமாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிழவர் போய்விட்டால் அவர் வீடு சாவு வீடாகிவிடும், அக்காவோடு சேர்த்து இருபத்தேழு. அதைத்தான் தான் அங்கே நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியதும் அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் அதே தூணுக்குப் போனான். கிழவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நமுனுகுல உச்சி தெரியவில்லை. ஒவ்வொரு இடிக்கும் பிள்ளைகள் வீரிட்டன. பெரியவர்கள் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜெயலெட்சுமியைப் பார்த்தார்கள். இவள் ஒருத்தி சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அர்ச்சனை தொடங்கிவிடுமே என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் அது வாய் வார்த்தையாகவே வந்துவிட்டது. "ஒருத்தி தாலிக்காக ஊரே மண்ணுக்குள்ள போகணுமா?" என்று யாரோ கேட்க, மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

ஜெயலெட்சுமி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நனைந்தபடி பாடசாலைக்கு வந்தாள். மழை என்று பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் நிமலன் மட்டும் இருந்தான். அவள் சாக்கட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுக் காட்டு."

"அக்கா..."

"நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. வகுத்தல் எனக்குத் தெரியும். இருவத்தெட்டால போட்டுக் காட்டு."

போட்டான். கடைசியில் இருபது மிஞ்சி நின்றது.

"இப்ப இருவத்தேழால."

அதையும் போட்டான். இலக்கங்கள் கோணல்மாணலாக விழுந்தன. கடைசி வரியில் சைபர் வந்தது. அவள் அந்தச் சைபரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப நான் இல்லாட்டி சரியா வருது."

"நீ இல்லாட்டின்னு இல்லக்கா. ஒரு வீடு இல்லாட்டி. எந்த வீடுன்னு எண்ணு சொல்லாது, எந்த வீடா இருந்தாலும் சரிதான்."

"எந்த வீட்ட எடுப்பாங்க தம்பி?"

அவன் சாக்கட்டியை மேசையில் வைத்தான்.

"முப்பது, முப்பத்தஞ்சு, வேற எதுக்காவது போகாதா?"

"இருவத்தேழ விட்டா முப்பத்தாறுக்குத்தான் போகும். நடுவுல எதுக்கும் போகாதுக்கா. நான் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்."

"சரி, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. மச்சான் செத்துட்டாருன்னு நீ நெனக்கிறியா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். நிமலன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயலெட்சுமி முந்தானையால் கரும்பலகையை அழுத்தித் துடைத்துவிட்டு மழைக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் மழை விடவில்லை. மேலே எங்கேயோ கல் உருண்ட சத்தம் கேட்டது என்று ஒருவர் சொல்ல, அது உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூட யாருக்கும் தைரியம் இல்லை. கோயில் முன்னால் இழுத்துக்கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே எல்லாரும் கூடியிருந்தார்கள். கூடை கூடையாகக் கொழுந்து நனைந்து கிடந்தது. இராசையா தொடங்கவும் முடியாமல், கலைந்து போகச் சொல்லவும் முடியாமல், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நிமலன் ஒரு ஓரத்தில் நின்றான். பெரியண்ணன் கிழவர்கூட எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஜெயலெட்சுமி நிஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தார்ப்பாய்க்குள் வரவில்லை, வெளியே மழையிலேயே நின்றாள். குளித்துத் தலைவாரி, குங்குமம் பெரிதாக வைத்திருந்தாள்.

"தலைவரே, என் வீட்ட வெலக்கிருங்க" என்றாள்.

"எம்மா..." என்று இராசையா ஓரடி முன்னால் வந்தார்.

"காரணம் இல்லாம வெலகக் கூடாதுன்னு சொன்னீங்களாமே. காரணம் சொல்றேன். என் வீட்டுல சாவு வுழுந்துருச்சு."

இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, அவிழவில்லை. யாராவது உதவிக்கு வரவேண்டிய சடங்குதான் அது, ஆனால் ஒருத்தியும் அசையவில்லை. நிஷாந்தினி, "அம்மா, என்னம்மா செய்றீங்க, வேணாம்மா" என்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஜெயலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துக் கடைசியில் அறுத்தே விட்டாள். மஞ்சள் கயிற்றைச் சுருட்டி மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு நெற்றியை மழைக்குக் காட்டினாள்.

"இப்பச் சரியாப் போகுமா தம்பி?" என்று கேட்டாள்.

கூட்டம் முழுக்க நிமலனைத் திரும்பிப் பார்த்தது. அவன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு தடவை அவன் படித்த கணக்கு அவனைக் கைவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போகும்" என்று சொன்னான். "வீட்டுக்கு மூவாயிரத்து எழுநூத்தி நாலு."

இராசையா கற்பூரத்தைக் கொளுத்தினார். ஈரக்காற்றில் இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவைதான் பற்றியது. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் பெண்களுக்குள் ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். செத்தவனுக்கு அது செய்ய வேண்டிய முறை. மற்றவர்களும் அவளோடு சேர்ந்து குரலெடுத்தார்கள்.

"நிப்பாட்டுங்க!"

ஜெயலெட்சுமி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பூசாரியின் கையிலிருந்த மணிகூட நின்றுவிட்டது.

"ஒப்பாரி வக்காதீங்க, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். ஒங்க கணக்குக்குத்தான் அவரு செத்துருக்காரு. இந்தச் சத்தம் கீழ மண்ணு வரைக்கும் கேக்கும். கேட்டுச்சுன்னா, என் பொண்டாட்டியும் என்னைய விட்டுட்டாளேன்னு நெனப்பாரு."

கிழவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சாவு வீட்டுக்காரர்கள் கோயில் பக்கம் நிற்கக் கூடாது என்பதை யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஜெயலெட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு, மழைக்குள் கீழ் லயத்துப் பாதையில் இறங்கிப் போனாள்.